கடைக்கோடி வயலுக்கும் நீர் பாய வேண்டும்!

(கிளிநொச்சிப் பகுதியிலுள்ள கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவிலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தாலிக்கொடியை அடகு வைத்தும் பிள்ளையைப் படிப்பித்த மக்கள் நீங்கள். ஆதலால் பெருமை பேசாது, ஒரு குறையைப் பேச வந்திருக்கின்றேன். அக்குறையில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன்.

குளத்தின் துருசு திறக்கப்படும் நாளை நீங்கள் நன்கு அறிவீர்கள். துருசடியிலே எவ்வளவு நீர் போயிற்று என்பதற்கு அளவு உண்டு, பதிவேடு உண்டு, பதிவேட்டில் ஒப்பமிட உத்தியோகத்தரும் உண்டு. ஆயின் வாய்க்காலின் கடைக்கோடியிலே வயல் வைத்திருப்பவன் அப்பதிவேட்டைப் பார்த்து மனம் ஆறுவானா? ‘என் வரம்புக்குள் நீர் வந்ததா, இல்லையா?’ என்பதொன்றே அவன் கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் இன்று கல்வியைப் பற்றி நான் கேட்கின்றேன்.

இந்நாட்டில் 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி என்னும் துருசு திறக்கப்பட்டது. கன்னங்கரா அவர்களின் தலைமையிலமைந்த குழு 1943இல் அளித்த அறிக்கையின் பயன் அது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993இல் இலவசச் சீருடை வந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. ஆயின் அவற்றுள், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளையும் நடத்தும் பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. பத்தில் ஒன்று! மற்ற ஒன்பதிலே படிக்கின்ற பிள்ளைக்கு நாம் கொடுத்திருப்பது நீரா, நீர் திறந்துவிட்டோம் என்ற செய்தியா?

என் கையால் எழுதிய பிழை

2010ஆம் ஆண்டு. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் மீண்டு வந்து, கூரையில்லாச் சுவர்களுக்கு நடுவே அடுப்பு மூட்டிய காலம். ஒரு பாடசாலையிலே ஆறாந் தரத்துக்கு நான் வகுப்பாசிரியன். அவ்வகுப்பிலே ஒரு சிறுவன், பேசமாட்டான். தவணைப் பரீட்சை வந்தது. தமிழில் 9 புள்ளி, கணிதத்தில் 12 புள்ளி. தேர்ச்சி அறிக்கையிலே ‘கவனம் போதாது’ என்று நானே எழுதி, நானே ஒப்பமிட்டேன்.

சில கிழமைகளின் பின், அவன் தந்தையாருடன் நெல் விற்குமிடத்தில் அவனைக் கண்டேன். மூடைக் கணக்கையும், விலையையும், கூலியையும், கழிவையும் வாய்க்கணக்காகவே கூட்டிக் கழித்துச் சொன்னான். வியாபாரியின் கைப்பொறி விடை காட்டுமுன் அவன் விடை வந்துவிட்டது. நான் திகைத்துப் போனேன். அருகே கிடந்த உரப்பையைக் காட்டி, ‘தம்பி, இதிலே என்ன எழுதியிருக்கிறது?’ என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தான்.

பின்னர் விசாரித்தேன். மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து 2007இலே தொடங்கிய ஓட்டம். மூன்றாந் தரம் முழுமையில்லை, நான்காந் தரம் மரத்தின் கீழ், ஐந்தாந் தரம் முகாமின் கூடாரத்திலே. எழுத்துக்களிற் பாதி அவனுக்குத் தெரியாது. கணித வினாத்தாளிலே அவன் தோற்றது கணிதத்தில் அன்று, வினாவை வாசிப்பதிலே. கவனம் போதாமல் இருந்தது அவனுக்கு அன்று, எனக்கே!

அன்று நான் வைத்த பரீட்சை, அவன் பின்தங்கியவன் என்பதை எனக்குச் சொல்லிற்று. எவ்விடத்தில் நின்றுவிட்டான் என்பதைச் சொல்லவில்லை. வரிசைப்படுத்தும் அளவுகோல் வேறு. வழிகாட்டும் அளவுகோல் வேறு. நம்மிடம் முதலாவது நிறைய உண்டு. இரண்டாவது மிக அரிது.

கமக்காரர்களுக்கு இந்த வேற்றுமை எளிதிலே விளங்கும். நெற்பயிரின் இலைப்பச்சையை ஒரு சிறிய நிற அட்டையோடு ஒப்பிட்டு, யூரியா வேண்டுமா, வேண்டாமா என்று அறிகின்ற முறை ஒன்றுண்டு. அந்த அட்டை, எவர் வயல் முதலாம் வயல், எவர் வயல் கடைசி வயல் என்று பட்டியல் போடுவதில்லை. இந்த வயலுக்கு இன்று என்ன வேண்டும் என்பதையே சொல்கின்றது. விலையோ மிகச் சொற்பம். பிள்ளைக்கும் அத்தகைய ஓர் அட்டை வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எண்களால் நாம் பட்ட பாடு

பரீட்சை எண்களைத் தமிழர் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1971இலே பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி விதித்தார்கள். மருத்துவத்திற்குத் தமிழ்மொழி மாணவன் 400க்கு 250 புள்ளி பெற வேண்டும். சிங்களமொழி மாணவனுக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. ஒரே வினாத்தாள், ஒரே பரீட்சை, இரண்டு வாயில்கள்! அந்த அநீதி ஓர் இளந்தலைமுறையின் நெஞ்சிலே இட்ட வடு இன்றும் ஆறவில்லை.

ஆயின் உண்மையைப் பேசும்பொழுது முழுவதையும் பேச வேண்டும். 1974இலே மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் பலர் இடமிழந்தனர். அதே வேளையில், அதுகாறும் பல்கலைக்கழக வாயிலைக் காணாத பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலருக்கு அவ்வாயில் திறந்தது. அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். ‘நம்மை வடிகட்டினார்கள்’ என்று கொழும்பை நோக்கிக் கைநீட்டிய நாம், நமக்குள்ளே பட்டினத்துக் கல்லூரிக்கும் வன்னிக் கிராமப் பாடசாலைக்கும் இடையே இருந்த பள்ளத்தை நோக்கினோமா?

இன்னொன்றும் கேளுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984ஆம் ஆண்டிலே. 1974இல் இம்மண்ணின் பிள்ளை எந்தக் கணக்கில் எண்ணப்பட்டான்? யாழ்ப்பாண மாவட்டத்துக் கணக்கிலே! காட்டோரத்துக் குடியேற்றத்திலே ஓலைக் கொட்டிலில் படித்தவனை, நூற்றாண்டு கண்ட கல்லூரிகளின் மாணவரோடு ஒரே தட்டிலே நிறுத்தார்கள். மாவட்டம் என்ற சராசரிக்குள்ளே அவன் மறைந்து போனான். இன்றும் பல்கலைக்கழக இடங்களைப் பொதுவாக 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிர்கின்றார்கள். இப்பகிர்வும் மாவட்டத்தையே காண்கின்றது. மாவட்டத்துக்குள் இருக்கும் கடைக்கோடிப் பாடசாலையைக் காண்பதில்லை.

‘கணினி கணக்கிட்டால் நீதி பிறந்துவிடும்’ என்று எண்ணுவோரும் உளர். 2001 தொடக்கம் இசட் புள்ளி முறை வந்தது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவன் எவ்வளவு விலகி நிற்கின்றான் என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரம்பலால் வகுத்துக் காணும் கணக்கு அது. கணக்கிலே பிழையில்லை. ஆயினும் 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினர். வெவ்வேறான அவ்விரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012இல் மீண்டும் கணக்கிடுமாறு நீதிமன்றம் பணித்தது. பொறி பிழை செய்யவில்லை. பொறிக்குள் எதை இடுவது என்று தீர்மானித்த மனிதரே பிழை செய்தனர். இதை நாம் மறத்தலாகாது.

பத்து வயதிலே ஒரு தீர்ப்பு

இனி, நமது வீடுகளையே உலுக்குகின்ற பரீட்சைக்கு வருவோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, வறிய குடும்பத்துத் திறமையான பிள்ளைக்குப் பணவுதவியும் நல்ல பாடசாலையில் இடமும் கொடுக்க எழுந்தது. நோக்கம் உயர்ந்தது. இன்று நடப்பதென்ன? மூன்றாந் தரத்திலேயே தனியார் வகுப்பு, மாலை விளையாட்டில்லை, ஞாயிறும் ஓய்வில்லை. வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வறியவனுக்கென எழுந்த பரீட்சையிலே, பணம் கட்டக்கூடியவன் முந்திக்கொள்கின்றான்.

2023ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 332,000 பிள்ளைகள் அப்பரீட்சைக்குத் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ 50,000. மற்றைய 280,000 பிள்ளைகளின் வீட்டுக்குப் போன செய்தி என்ன? ஓர் எண்! உன் பிள்ளை பந்தியை வாசித்து விளங்குகின்றானா, கழித்தலிலே இடறுகின்றானா, கண் மங்கலாகத் தெரிகின்றதா என்று ஒரு சொல்லும் இல்லை. தாண்டிய பிள்ளைக்குச் சந்திதோறும் வாழ்த்துப் பதாகை. தாண்டாத பிள்ளைக்கு அதே சந்தியால் தலைகுனிந்து போகும் தண்டனை. பத்து வயதுக் குழந்தைக்கு இது தகுமோ?

பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடங்கள் குறைவாக இருக்கும்வரை தெரிவும் இருக்கும்; திறந்த பரீட்சை இல்லாவிட்டால் செல்வாக்கும் சிபாரிசுமே தெரிவு செய்யும். நான் சொல்வது இது: தெரிவுக்கான பரீட்சைக்கு நெடுங்காலம் முன்னரே, உதவிக்கான சோதனை நடைபெற வேண்டும். இலண்டனிலே பிளக், வில்லியம் என்னும் இரு கல்வியறிஞர் 1998இலே பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். சோதித்து அறிந்ததைக் கொண்டு ஆசிரியர் தம் கற்பித்தலை மாற்றிக்கொள்ளும் இடங்களிலே பிள்ளைகள் முன்னேறுகின்றனர். அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே பெரும்பயன் என்று கண்டனர்.

பொறி யாருக்கு ஊழியம் செய்ய வேண்டும்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. கல்வியமைச்சின் இணையத்தளமாகிய இ-தக்சலாவவிலும் பாடங்கள் இருந்தன. ஆயின் வீட்டிலே ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள். அத்தொலைபேசியும் தந்தையாரோடு வேலைக்குப் போய்விடும். பதுளை மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றிலே அலைத்தொடர்பு தேடிப் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிய காட்சி 2021இலே உலகப் பத்திரிகைகளில் வந்தது. மேட்டு வயலுக்கே பாயும் வாய்க்காலை வெட்டிவிட்டு, ‘நீர் விட்டோம்’ என்று சொல்வது போன்றதே அது.

அதனால் எல்லாருக்கும் கணினி வாங்கிக் கொடுத்தாற் போதுமா? தென்னமெரிக்காவிலே பெரு என்னும் நாடு அவ்வாறே செய்து பார்த்தது. கிராமத்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளைப் பெருந்தொகையாக வழங்கியது. 319 பாடசாலைகளிலே நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. ஏறத்தாழ 15 மாதங்களின் பின்னும் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது நன்மை இருந்தது, அவ்வளவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எவரும் வழிகாட்டாத பெட்டியும் அப்படியே.

மாறாக, ஆபிரிக்காவிலே பொட்சுவானா என்னும் நாட்டைப் பாருங்கள். அதே 2020இலே, பாடசாலைகள் மூடியிருந்த வேளையில், சாதாரண தொலைபேசிக்குக் கிழமைக்கொரு கணிதக் குறுஞ்செய்தி அனுப்பினர். அத்தோடு ஏறத்தாழ இருபது நிமிடம் பெற்றோரோடும் பிள்ளையோடும் ஒருவர் பேசினார். பிள்ளைகள் கணக்கிலே முன்னேறினர். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற வீடுகளில் அத்தகைய தெளிவான பயன் இல்லை. கவனியுங்கள்! இணையமில்லை, திரையில்லை, மறுமுனையிலே ஒரு மனிதக் குரல் இருந்தது, அதுவே பயன் செய்தது.

இது நமக்குப் புதிதன்று. 1990களிலே மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். மண்ணெண்ணெய் விளக்கிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள் நமது பிள்ளைகள். உள்ளதைக் கொண்டு தேவையை நிறைவேற்றுவதே தொழில்நுட்பம். விலையுயர்ந்த பொருளை வாங்கி அதிபரின் அலுமாரியிலே பூட்டி வைப்பது தொழில்நுட்பம் அன்று.

நாம் செய்யக்கூடியவை

இவ்வளவும் பேசி, ‘அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்’ என்று சொல்லிவிட்டு அமர்ந்தால் என்னை நீங்கள் மன்னிக்கக்கூடாது. நாமே தொடங்கக்கூடிய நான்கு காரியங்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, வாசிப்புச் சோதனை. இந்தியாவிலே பிரதம் என்னும் நிறுவனத்தின் முயற்சியால் 2005 தொடக்கம் கிராமந்தோறும் தொண்டர்கள் ஒரு தாளை ஏந்திச் செல்கின்றனர். அத்தாளிலே எழுத்துக்கள், சொற்கள், ஒரு சிறு பந்தி, ஒரு சிறு கதை, அவ்வளவுதான். பிள்ளை எதுவரை வாசிக்கின்றதோ அதுவே அதன் படி. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். இத்தகைய தாளைத் தமிழிலே ஆக்க நமது ஆசிரியர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதாதா? மூன்றாந் தரத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தவணைக்கொருமுறை வாசிக்கக் கேட்போம். அந்த முடிவு ஆசிரியருக்கும் பெற்றாருக்கும் மட்டுமே. பட்டியல் வேண்டாம், பதாகை வேண்டாம்.

இரண்டாவது, படிக்கேற்ற பாடம். நாளுக்கு ஒரு மணி நேரம், வயதையும் தரத்தையும் விட்டு, வாசிப்புப் படியின்படி பிள்ளைகளைக் குழுவாக்கிக் கற்பிக்கலாம். எழுத்தில் நிற்பவனுக்கு எழுத்து, சொல்லில் நிற்பவனுக்குச் சொல். இந்தியாவின் பல மாநிலங்களில் இம்முறையைச் சோதித்துப் பயன் கண்டுள்ளனர். என் வகுப்பிலிருந்த அந்தச் சிறுவனுக்கு வேண்டியிருந்ததும் இதுவே.

மூன்றாவது, தொலைபேசி. பாடசாலைக்கு வராத பிள்ளை, படியிலே நின்றுவிட்ட பிள்ளை, இவர்களுடைய வீட்டுக்குக் கிழமைக்கொருமுறை ஓர் அழைப்பு. வைத்தியரும், எந்திரியும், கணக்காளரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பேற்கலாம். கொழும்பிலிருந்தாலென்ன, கனடாவிலிருந்தாலென்ன! நன்கொடை அனுப்பும் கை, கிழமைக்கு இருபது நிமிடம் தன் குரலையும் அனுப்பட்டும்.

நான்காவது, கடைக்கோடிக்கு முதலுரிமை. பழைய மாணவர் சங்கங்கள் கணினிக்கூடம் கட்டுகின்றன. நன்று. ஆனால் பழைய மாணவர் வெளிநாட்டில் உள்ள பாடசாலைக்கு மூன்று கூடம். பழைய மாணவர் வயலிலே நிற்கும் பாடசாலைக்கு ஒன்றுமில்லை. சிறுபோகத்தில் நீர் குறைந்தால், உள்ள நீருக்கு ஏற்ற காணியைப் பங்கிட்டு விதைக்கின்ற வழக்கம் உங்களுக்கு உண்டு. அந்த வழக்கம் பாடசாலைக்கும் வரட்டும். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின், பாடசாலைகளிற் பெரும்பான்மையானவை மாகாண நிருவாகத்தின் கீழேயே உள்ளன. இதற்குக் கொழும்பின் அனுமதியைக் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய உபகரணமும் அனுபவமுள்ள ஆசிரியரும் முதலிற் போகவேண்டிய இடம், வாசிப்பிலே மிகவும் பின்னின்ற பாடசாலையே என்று நமது வலயங்களிடம் வற்புறுத்திக் கேட்போம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அளந்தவுடன், அவ்வளவைக் கொண்டு ஆசிரியரைத் தண்டிக்கச் சிலர் புறப்படுவர். அன்றே ஆசிரியர் பொய்க்கணக்கு எழுதத் தொடங்குவார், அளவுகோல் முறிந்துவிடும். காய்ச்சல் காட்டியதற்காக வெப்பமானியை உடைப்பாருமில்லை. காய்ச்சல் வந்தவனை அடிப்பாருமில்லை.

பெரியோர்களே! அந்தச் சிறுவனுக்குப் பின்னர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நானும் இன்னோர் ஆசிரியையும் பாடசாலை முடிந்தபின் நாளுக்கொரு மணி நேரம் இருத்திப் படிப்பித்தோம். ஆண்டு முடிவிலே பந்தி வாசித்தான். சாதாரண தரம் சித்தியடைந்தான். வைத்தியனாகவில்லை, எந்திரியாகவில்லை. இன்று கமம் செய்கின்றான். உரப்பையிலும் மருந்துப் போத்தலிலும் எழுதியிருப்பதைத் தானே வாசிக்கின்றான். கடன் பத்திரத்தை வாசித்த பின்னரே ஒப்பமிடுகின்றான். இது சிறிய வெற்றியா? வாசிக்கத் தெரியாதவனுடைய காணி எப்படிக் கைமாறும் என்பதை அறிந்த நீங்களே சொல்லுங்கள்.

ஆயின் அவனை நான் கண்டது தற்செயல். நெல் விற்கும் இடத்திற்கு அன்று நான் போகாதிருந்தால், ‘கவனம் போதாது’ என்ற என் எழுத்தே அவனுடைய தலையெழுத்தாகியிருக்கும். பிள்ளைகளின் வாழ்வு தற்செயலிலே தங்கியிருக்கக்கூடாது. வரும் தவணையிலே இவ்வாசிகசாலையின் மேசையைச் சுற்றி முதலாவது வாசிப்புச் சோதனையை நடத்துவோம். தாளை ஆக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கின்றேன். உடன்வர விரும்புவோர் விழா முடிந்தபின் தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.